பிள்ளையின் வரலாற்று ஆசிரியரை விருதுக்குப் பரிந்துரைப்பது எப்படி? அமெரிக்காவுக்குப் புதிதாக வந்த பெற்றோருக்கு

மே மாதம் நெருங்கினால் அமெரிக்காவில் இருக்கும் நம் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே பேச்சுதான்: டீச்சருக்கு என்ன வாங்கிக் கொடுப்பது? மே மாதத்தின் முதல் முழு வாரம் இங்கே ஆசிரியர் பாராட்டு வாரம், நம் ஊர் செப்டம்பர் 5 போல. காபிக் கடை கார்டு, பூங்கொத்து, பிள்ளை வரைந்த வாழ்த்து அட்டை என்று எல்லாம் போகும். தாராளமாகக் கொடுங்கள். ஆனால் அரசுப் பள்ளி ஆசிரியர்கள் எவ்வளவு வாங்கிக்கொள்ளலாம் என்பதற்குப் பல இடங்களில் கட்டுப்பாடு உண்டு, மாசசூசெட்ஸில் 50 டாலர் மதிப்பைத் தொட்டாலே ஆசிரியர் அதை வாங்கக் கூடாது. எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் கொடுக்கக்கூடிய ஒன்று இருக்கிறது, காசும் செலவில்லை. அந்த ஆசிரியரை ஒரு விருதுக்குப் பரிந்துரைப்பது. பெற்றோரே செய்யலாம் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது, எனக்கும் பல வருடம் தெரியாமல்தான் இருந்தது.

ஏன் குறிப்பாக வரலாறும் குடிமையியலும் நடத்துபவர்கள்? இங்கே கணக்குக்கும் வாசிப்புக்கும் வருடாவருடம் தேர்வு வைக்கச் சொல்லி மத்திய அரசின் சட்டம் 2002-இல் நடைமுறைக்கு வந்தது, பிறகு அறிவியலும் சேர்ந்தது. வரலாறும் குடிமையியலும் அடங்கிய சோஷியல் ஸ்டடீஸ் பாடத்துக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. தேர்வு இல்லாத பாடத்துக்கு நேரம் குறையும், பணம் குறையும், கவனமும் குறையும். 2022-இல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நடந்த தேசிய மதிப்பீட்டில் அமெரிக்க வரலாற்றில் 13 சதவீதம் பேரும் குடிமையியலில் 22 சதவீதம் பேரும்தான் "புரொஃபிஷியன்ட்" எனப்படும் நன்கு தேறிய நிலையைத் தொட்டார்கள். இந்தச் சூழலிலும் மாலை ஏழு மணிக்கு உட்கார்ந்து பழைய ஆவணங்களைப் பிரதி எடுத்து மறுநாள் வகுப்புக்குத் தயார் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களை யாராவது வெளியே சொல்ல வேண்டும்.

என் மகளின் எட்டாம் வகுப்பு ஆசிரியை அப்படி ஒருவர். ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் மகள் கேட்டாள், "அம்மா, இந்தியர்கள் அமெரிக்கக் குடிமக்கள் ஆகவே முடியாது என்று சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்காமே, தெரியுமா?" எனக்குத் தெரியாது. பகத் சிங் திந்த், பஞ்சாபில் பிறந்தவர், முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையில் சேர்ந்தவர். அவர் குடியுரிமை கேட்ட வழக்கில் 1923-இல் உச்ச நீதிமன்றம் அவர் "வெள்ளையர்" என்ற சொல்லுக்குள் வர மாட்டார் என்று தீர்ப்புச் சொன்னது, அதற்குப் பிறகு ஏற்கெனவே குடியுரிமை வாங்கியிருந்த இந்தியர்கள் சிலரிடமிருந்தும் அதைப் பறித்தார்கள். 1946-இல் வந்த சட்டம்தான் கதவைத் திறந்தது. அந்தச் சமயத்தில் நானே குடியுரிமைத் தேர்வுக்குக் கேள்விகளை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். என் மகளுக்கோ அவளுடைய டீச்சர் அந்தத் தீர்ப்பின் பக்கங்களையே கையில் கொடுத்து, நீதிபதி எந்தச் சொல்லை எந்தப் பொருளில் எடுத்துக்கொண்டார் என்று தேட வைத்திருந்தார். அன்றைக்குத்தான் இவரைப் பற்றி எங்கேயாவது எழுத வேண்டும் என்று முடிவு செய்தேன்.

சரி, எப்படிச் செய்வது என்று பார்ப்போம்.

முதல் வேலை: எந்த விருது என்று தேர்ந்தெடுப்பது

நிறைய இருக்கின்றன, எல்லாவற்றுக்கும் அலைய வேண்டாம். பெற்றோராக நமக்கு எளிதாகக் கை எட்டுவது கில்டர் லேர்மன் அமெரிக்க வரலாற்று நிறுவனத்தின் "ஆண்டின் சிறந்த வரலாற்று ஆசிரியர்" விருது. 2004 முதல் கொடுக்கிறார்கள். மாநிலத்துக்கு ஒருவரைத் தேர்ந்தெடுத்து 1,000 டாலர், அவர்களிலிருந்து தேசிய அளவில் ஒருவருக்கு 10,000 டாலர். மாணவர், பெற்றோர், உடன் பணிபுரிபவர், பிரின்சிபால் என்று யார் வேண்டுமானாலும் இணையத்தில் படிவம் நிரப்பிப் பரிந்துரைக்கலாம். தொடக்கப் பள்ளியிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை நடத்துபவர்களுக்கான விருது இது. வசந்த காலத்தில் பரிந்துரைகள் முடிந்துவிடும், அதனால் குளிர்கால விடுமுறை முடிந்து பள்ளி திறந்த கையோடு ஆரம்பித்துவிடுங்கள்.

அடுத்தது வி.எஃப்.டபிள்யூ. எனப்படும் முன்னாள் படைவீரர்கள் சங்கம் கொடுக்கும் குடிமைக் கல்வி ஆசிரியர் விருது. ஊருக்கு ஊர் இவர்களுக்குக் கிளை உண்டு, "போஸ்ட்" என்பார்கள். பரிந்துரையை உள்ளூர்க் கிளையில்தான் கொடுக்க வேண்டும், அங்கிருந்து மாவட்டம், மாநிலம், தேசியம் என்று மேலே போகும். அக்டோபர் 31 கடைசி நாள். ஆசிரியர் தன்னைத் தானே பரிந்துரைத்துக்கொள்ள முடியாது, வேறொருவர்தான் செய்தாக வேண்டும். அப்படிச் செய்ய யாரும் இல்லாததாலேயே எத்தனையோ நல்ல ஆசிரியர்கள் பட்டியலுக்குள் வராமல் போகிறார்கள். போருக்குப் போய் வந்தவர்கள் கூடும் இடத்துக்கு நாம் எப்படிப் போவது என்ற தயக்கம் எனக்கும் இருந்தது. போய்ப் பார்த்தால் காபி கொடுத்து உட்கார வைத்து, மகள் எந்த வகுப்பு படிக்கிறாள் என்று கேட்டு, ஆறு முதல் எட்டு வரையிலான பிள்ளைகளுக்கு அவர்கள் நடத்தும் கட்டுரைப் போட்டியின் தாளையும் கையில் கொடுத்து அனுப்பினார்கள்.

டி.ஏ.ஆர். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் "அமெரிக்கப் புரட்சியின் மகள்கள்" அமைப்பு 1890-இல் தொடங்கியது, சுதந்திரப் போருக்குத் துணை நின்றவர்களின் வம்சத்துப் பெண்கள்தான் அதில் உறுப்பினர். அவர்களும் சிறந்த அமெரிக்க வரலாற்று ஆசிரியருக்கு விருது கொடுக்கிறார்கள், ஆனால் உள்ளூர்க் கிளைதான் ஆசிரியரை முன்னிறுத்தும். நீங்கள் செய்யக்கூடியது கிளைக்கு ஒரு ஈமெயில் போட்டு, இப்படி ஒருவர் எங்கள் பள்ளியில் இருக்கிறார் என்று சொல்வது.

இந்தப் பாடத்துக்கு மட்டும் என்றில்லாமல் எல்லா ஆசிரியர்களுக்கும் பொதுவானது 1952 முதல் வழங்கப்படும் தேசிய ஆண்டின் சிறந்த ஆசிரியர் விருது. பள்ளி, டிஸ்ட்ரிக்ட் (ஓர் ஊர் அல்லது வட்டாரப் பள்ளிகளின் நிர்வாகம்), மாநிலம், தேசியம் என்ற ஏணி. வரலாற்று ஆசிரியர்கள் அங்கே நன்றாகவே ஏறியிருக்கிறார்கள். 2016-இல் வாங்கிய ஜஹானா ஹேய்ஸ் கனெக்டிகட் மாநிலத்தின் வாட்டர்பரியில் வரலாறு நடத்தியவர், இரண்டு வருடம் கழித்துத் தேர்தலில் ஜெயித்து அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்கே போனார். 2019-இல் ராட்னி ராபின்சன், வர்ஜீனியாவின் ரிச்மண்டில் சிறார் காவல் இல்லத்துக்குள் இருக்கும் பள்ளியில் சோஷியல் ஸ்டடீஸ் நடத்தியவர். 2022-இல் கர்ட் ரஸ்ஸல், ஒஹையோவின் ஓபர்லின் உயர்நிலைப் பள்ளியில் வரலாறு, கூடவே கூடைப்பந்துப் பயிற்சியாளர். மூன்று பேரும் வெவ்வேறு விதமான பள்ளிகளில் இருந்து வந்தவர்கள், இதைக் கவனியுங்கள். நல்ல மதிப்பெண் எடுக்கும் புறநகர்ப் பள்ளி ஆசிரியருக்குத்தான் விருது கிடைக்கும் என்று நம் ஆட்கள் நினைப்பது சரியில்லை.

ஜேம்ஸ் மேடிசன் உதவித்தொகை வேறு ரகம். 1986-இல் காங்கிரஸ் ஏற்படுத்தியது, ஏழு முதல் பன்னிரண்டு வரை அமெரிக்க வரலாறோ குடிமையியலோ நடத்துபவர்கள் முதுகலை படிக்க 24,000 டாலர் வரை தருகிறார்கள். ஆசிரியரே விண்ணப்பிக்க வேண்டும். இளம் ஆசிரியராக இருந்தால் இப்படி ஒன்று இருப்பது தெரியுமா என்று ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள், சில சமயம் அந்த ஒரு வார்த்தையே பெரிய உதவி.

அப்புறம் உங்கள் மாநிலத்தின் சோஷியல் ஸ்டடீஸ் ஆசிரியர் மன்றம், வழக்கறிஞர் சங்கம், வரலாற்றுக் கழகம் இவற்றின் தளங்களையும் ஒரு தடவை பாருங்கள், விருது ஏதாவது இருக்கும், போட்டியும் குறைவாக இருக்கும்.

இரண்டாவது வேலை: ஆசிரியரிடம் சொல்லிவிடுவது

முதல் தடவை நான் இதைச் செய்யத் தவறினேன், அதனால் எல்லாமே வீணானது. ஆச்சரியப்படுத்தலாம் என்று நினைத்து யாருக்கும் சொல்லாமல் ஒரு விருதுக்குப் படிவம் நிரப்பிவிட்டேன். நம் வேலை அதோடு முடிந்தது, ஆனால் ஆசிரியரின் வேலை அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது. அவருக்கு ஈமெயில் வரும், அவர் தன் பணி விவரம், நடத்திய பாடம் ஒன்றின் திட்டம், பரிந்துரைக் கடிதங்கள் போன்றவற்றை அனுப்ப வேண்டும். அந்த ஈமெயில் அவருடைய ஸ்பேம் பெட்டியில் போய் விழுந்திருக்கிறது, கோடை விடுமுறை வேறு, அவர் பார்த்தபோது தேதி முடிந்துவிட்டது. செப்டம்பரில் என்னைப் பார்த்து "நீங்களா அது, நான் விளம்பரம் என்று நினைத்தேன்" என்றார். எனக்கு மனசே ஆறவில்லை.

அதனால் முன்கூட்டியே கேளுங்கள். சிலர் வேண்டாம் என்று சொல்லலாம். இப்போது காலம் சரியில்லை என்பதும் அதற்குக் காரணமாக இருக்கலாம். 2021-க்குப் பிறகு பல மாநிலங்களில் இனம் குறித்த பாடங்களை எப்படி நடத்தலாம் என்பதைச் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்தியிருக்கிறார்கள், வரலாற்று ஆசிரியர்கள் ஒவ்வொரு பாடத்தையும் யோசித்துத்தான் நடத்துகிறார்கள். நீங்கள் பெருமையாக எழுதும் ஒரு பாடமே அவருக்குத் தலைவலியாக முடியலாம். எந்தப் பாடத்தைப் பற்றி எழுதலாம், எதைத் தவிர்க்கலாம் என்று அவரிடமே கேட்டுவிடுவது நல்லது. ஆசிரியர் எந்தக் கட்சி என்று நீங்கள் ஊகித்ததை எல்லாம் கடிதத்தில் கொண்டுவராதீர்கள்.

மூன்றாவது வேலை: சாட்சி சேர்ப்பது

முழு விஷயமும் இதில்தான் இருக்கிறது, இதற்குத்தான் நேரம் கொடுக்க வேண்டும். நாம் எழுதும் கடிதங்கள் பெரும்பாலும் புகழுரைகள். "அன்பானவர், அர்ப்பணிப்பு உள்ளவர், பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தவர்" என்று எழுதினால் படிக்கிறவருக்கு எதுவுமே தெரியாது, அவர் கையில் இருக்கும் நூறு கடிதங்களும் இதைத்தான் சொல்லும். வகுப்பறைக்குள் நடந்தது என்ன என்று பார்த்தவர் சொல்ல வேண்டும். நாம் பார்க்கவில்லை, பிள்ளை பார்த்திருக்கிறது. ஆகவே பிள்ளையை உட்கார வைத்துக் கேளுங்கள். "டீச்சர் நல்லவங்களா?" என்று கேட்டால் "ம்ம்" என்று பதில் வரும். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: இந்த வருடம் வகுப்பில் சண்டை வந்த மாதிரி விவாதம் நடந்த நாள் எது? நீ முதலில் ஒன்று நினைத்து, பிறகு மாற்றிக்கொண்டது எதையாவது சொல்லு. தப்பாகப் பதில் சொன்ன பிள்ளையிடம் அவர் என்ன சொன்னார்?

என் மகள் சொன்னதில் ஒன்று. அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்துக்கு, பின்னாளில் ஜனாதிபதியான தாமஸ் ஜெஃபர்சன் முதலில் எழுதிய வரைவில் அடிமை வணிகத்தைக் கண்டித்து ஒரு பத்தி இருந்தது, 1776-இல் காங்கிரஸ் அதை வெட்டிவிட்டது. அந்த வரைவு காங்கிரஸ் நூலகத்தில் இருக்கிறது, இணையத்திலும் பார்க்கலாம். ஆசிரியை வரைவையும் இறுதி வடிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது காணாமல் போயிருக்கிறது என்று மட்டும் கேட்டாராம். பத்து நிமிடம் யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஒரு பையன் கண்டுபிடித்ததும், அதை எழுதிய ஜெஃபர்சனே அடிமைகளை வைத்திருந்தவர்தானே என்று இன்னொரு பெண் கேட்க, மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. இதை அப்படியே எழுதினேன். "சிந்தனையைத் தூண்டுபவர்" என்று தனியாக ஒரு வரி எழுதத் தேவையே இருக்கவில்லை.

குடிமையியல் என்றால் தேட வேண்டியது வேறு மாதிரி. 1965-இல் அயோவா மாநிலத்தில் வியட்நாம் போரை எதிர்த்துக் கையில் கறுப்புப் பட்டை கட்டி வந்த பிள்ளைகளைப் பள்ளி சஸ்பெண்ட் செய்தது, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1969-இல் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் பிள்ளைகள் ஜெயித்தார்கள். டின்கர் வழக்கு என்பார்கள், மேரி பெத் டின்கருக்கு அப்போது 13 வயது. இதைப் பல பள்ளிகளில் நடத்துவார்கள். நல்ல ஆசிரியர், தோற்ற தரப்பான பள்ளி நிர்வாகத்துக்காகவும் சில பிள்ளைகளை வாதாட வைப்பார், அதுவும் பட்டை கட்டியவர்கள் பக்கம் நிற்க விரும்பும் பிள்ளையையே அந்தப் பக்கம் நிறுத்துவார். உங்கள் பிள்ளை வீட்டுக்கு வந்து தனக்குப் பிடிக்காத பக்கத்துக்காக எப்படிப் பேசினேன் என்று சொன்னால் அதைத் தேதி போட்டுக் குறித்து வையுங்கள்.

போன வருடம், அதற்கு முந்தைய வருடம் படித்த பிள்ளைகளையும் விசாரியுங்கள். கல்லூரிக்குப் போன பிறகும் ஒரு பாடம் ஞாபகம் இருக்கிறது என்றால் அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். நேஷனல் ஹிஸ்டரி டே என்னும் வரலாற்று ஆய்வுப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்பவராக இருந்தால் அதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், எத்தனை வருடமாக, எத்தனை பிள்ளைகள் என்று. தேசியப் போட்டி ஜூனில் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் நடக்கும், அந்த இடம் வரை பிள்ளைகளைக் கொண்டுபோகச் சனிக்கிழமைகளை எல்லாம் கொடுத்திருப்பார்.

எழுதும்போது

முதலில் தமிழிலேயே குறிப்பெழுதுங்கள். மனசில் இருப்பது அப்போதுதான் முழுசாக வரும். பிறகு எளிய ஆங்கிலத்தில் மாற்றுங்கள். நம் ஆங்கிலத்தை யார் படிப்பார்கள் என்ற கூச்சம் வேண்டாம், அவர்கள் ஆசிரியரை மதிப்பிடுகிறார்கள், உங்களை மதிப்பிடவில்லை. ஏஐ-யிடம் கொடுத்து எழுதச் சொல்லாதீர்கள். அது நீங்கள் பார்த்து எழுதிய விவரங்களை எல்லாம் மழுப்பிப் பழையபடி புகழுரையாக்கிவிடும், எழுத்துப்பிழை பார்க்க மட்டும் பயன்படுத்துங்கள்.

படிவத்தில் சொல் எண்ணிக்கைக்கு எல்லை இருக்கும். இரண்டே சம்பவங்கள் போதும், மூன்றாவது சம்பவம் இடத்தைத்தான் அடைக்கும். முதல் வரியிலேயே நீங்கள் யார், ஆசிரியரை எத்தனை நாளாகத் தெரியும் என்று சொல்லிவிடுங்கள். நீங்கள் புலம்பெயர்ந்தவர் என்பதைச் சொல்லத் தயங்காதீர்கள், இந்த நாட்டின் வரலாற்றைப் பிள்ளை வழியாகக் கற்றுக்கொண்ட பெற்றோரின் வார்த்தைக்கு இந்த விருதுகளில் நிச்சயம் இடம் உண்டு. மற்ற பிள்ளைகளின் பெயரை எழுத வேண்டாம், மதிப்பெண்ணையும் எழுத வேண்டாம். மாணவர் விவரங்களைப் பாதுகாக்க 1974-லிருந்தே இங்கே சட்டம் இருக்கிறது, அது பள்ளியைத்தான் கட்டுப்படுத்தும் என்றாலும் நாமும் அதே மரியாதையைக் கொடுப்பதுதான் முறை.

ஆசிரியரின் பெயர், பள்ளியின் முழுப் பெயர், ஈமெயில் மூன்றையும் இரண்டு தடவை சரிபாருங்கள். கோடையிலும் அவர் பார்க்கும் ஈமெயில் எது என்று கேட்டு, முடிந்தால் அதைக் கொடுங்கள்.

அனுப்பிய பிறகு

பிரின்சிபாலுக்குத் தெரிவியுங்கள், அவர் கடிதமும் பெரும்பாலும் தேவைப்படும். ஆசிரியருக்கு நேரமே இருக்காது, மே மாதம் தேர்வும் விழாவுமாக ஓடுவார். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை "ஏதாவது உதவி வேண்டுமா?" என்று ஒரு வரி கேளுங்கள், அதற்கு மேல் நெருக்க வேண்டாம். முன்னாள் மாணவர்களிடமிருந்து கடிதம் வாங்கித் தருவது நம்மால் முடியும், அது அவர் தன் வாயால் கேட்கக் கூச்சப்படும் விஷயம்.

விருது கிடைப்பது கடினம்தான். மாநிலத்துக்கு ஒருவர் என்றால் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். ஆனால் எழுதிய கடிதத்தை இன்னும் இரண்டு இடங்களில் பயன்படுத்தலாம். ஒன்று, பிரின்சிபாலுக்கு அனுப்பி, ஆசிரியரின் பணிக்கோப்பில் வைக்கச் சொல்லுங்கள், டிஸ்ட்ரிக்ட்டின் தலைமை அதிகாரியான சூப்பரின்டெண்டென்டுக்கும் ஒரு நகல். இன்னொன்று, டிஸ்ட்ரிக்ட்டின் பள்ளிகளை மேற்பார்வையிடும் குழுவான ஸ்கூல் போர்டின் கூட்டம். பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்குவார்கள், பெரும்பாலும் ஆளுக்கு இரண்டு மூன்று நிமிடம், முன்கூட்டியே பெயர் கொடுக்க வேண்டியிருக்கலாம். புகார் சொல்ல வருபவர்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்த கூட்டம் அது. பணியாளர் பெயரைச் சொல்லலாமா என்று அவர்கள் விதியைப் பார்த்துக்கொண்டு, எழுந்து போய் ஜெஃபர்சன் வரைவு கதையை வாசியுங்கள். நான் வாசித்தபோது என் கை நடுங்கியது, ஆனால் மகள் பக்கத்தில் நின்றாள்.

இரண்டாவது வருடமும் அந்த ஆசிரியைக்கு மாநில விருது கிடைக்கவில்லை. இந்த முறை எல்லாத் தாள்களையும் அனுப்பியிருந்தார், நானும் தேதிகளைக் காலண்டரில் போட்டு வைத்திருந்தேன். என் கடிதத்தின் நகலைக் கேட்டு வாங்கிக்கொண்டார், மேடிசன் உதவித்தொகைக்கு விண்ணப்பம் எழுத உட்காரும்போது தன் பாடங்களை எப்படி விவரிப்பது என்று அதைப் பார்த்துத்தான் யோசித்தேன் என்று பிறகு சொன்னார். மகள் இப்போது உயர்நிலைப் பள்ளியில் இருக்கிறாள். இந்த ஜனவரியில் படிவத்தை அவள் நிரப்புகிறாள், மாணவர்களும் பரிந்துரைக்கலாம் அல்லவா.